சும்மா விழுந்தவர்கள்

கேள்வி: சாப்ளின் காலத்து ஊமைப்படங்களில் சும்மா சும்மா கீழே விழுகிறார்கள், எழுந்து குடுகுடுவென்று ஓடுகிறார்கள். இதற்கெல்லாமா ஜனங்கள் சிரித்தார்கள்?
(மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சிரித்தார்கள், இப்போதும் சிரிக்கிறார்கள், அதை விடுங்கள். எனக்கு உங்கள் 'சும்மா'தான் பிடித்திருக்கிறது. தமிழில் இதைப்போல உழைக்கிற சொல் வேறு கிடையாது. சும்மா வந்தேன் என்பவர் கடன் கேட்க வந்திருப்பார். சும்மா சொன்னேன் என்பவர் நிஜமாகத்தான் சொல்லியிருப்பார். முருகன் தனக்குச் 'சும்மா இரு' என்று உபதேசித்ததாக அருணகிரிநாதர் பாடினார். எங்கள் வீட்டில் அதையே எனக்குத் தினமும் நாலு தடவை உபதேசிக்கிறார்கள், ஞானம்தான் வந்தபாடில்லை.

சரி, சும்மா விழுந்தவர்களுக்கு வருவோம். சாப்ளினை எல்லோருக்கும் தெரியும், நான் பஸ்டர் கீட்டன் கட்சி. சின்னப் பையனாக அப்பா அம்மாவோடு மேடையேறியவர். நாடகமே அப்பா பையனைத் தூக்கி எறிவதுதான். எறிய வசதியாகச் சட்டை முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். விழுந்துவிட்டுத் தானும் சிரித்தால் சபை சிரிப்பதில்லை, உம்மென்று இருந்தால் கொட்டகையே அதிர்கிறது என்று அந்த வயதிலேயே பையனுக்குப் புரிந்துவிட்டது. பிற்பாடு சொந்தமாகப் படம் எடுத்தபோது அதுதான் மூலதனம்: உடம்பு உருளும், முகம் சும்மா இருக்கும்.

1924-இல் 'ஷெர்லாக் ஜூனியர்'. ஓடும் ரயிலின் கூரைமேல் ஓடிவந்து, இன்ஜினுக்குத் தண்ணீர் விடும் பெரிய குழாயின் கயிற்றைப் பிடித்துத் தொங்குவார். குழாய் இறங்கும், அருவி மாதிரி தண்ணீர் கொட்டும், மனிதர் தண்டவாளத்தில் பிடரி அடிபட விழுவார், எழுந்து ஓடிவிடுவார். நாம் சிரிப்போம். பல வருஷம் கழித்து எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொல்லித்தான் அன்றைக்குக் கழுத்து எலும்பு முறிந்திருந்தது அவருக்கே தெரிந்தது. 1928-இல் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர்மேல் சாய்கிறது, அவர் நிற்கிற இடத்தில் மாடி ஜன்னல் திறப்பு வந்து இறங்குகிறது. தோளுக்கு இரண்டு பக்கமும் சில அங்குலம்தான் இடைவெளி, நிஜச் சுவர். இன்னொரு ஊமைப்பட நடிகர் ஹெரால்ட் லாய்ட், 1923-இல் ஒரு படத்தில் கடிகார முள்ளில் தொங்குவாரே, அதற்கு நாலு வருஷம் முன்பே ஒரு வெடி விபத்தில் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. உறை மாட்டிக்கொண்டு தொங்கினார். இதுவா ஐயா சும்மா?

குடுகுடு ஓட்டத்துக்கு அவர்களை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். கேமராவைக் கையால் சுற்றிய காலம். வினாடிக்குப் பதினாறு, பதினெட்டு பிரேம் என்று எடுத்ததை, பேசும்பட மெஷினில் இருபத்துநாலு வேகத்தில் ஓட்டினால் காந்தி உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போகிற காட்சிகூட ஓட்டப்பந்தயமாகத்தான் தெரியும். (காமெடிக்காரர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றியதும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.) முப்பது வருஷத்துக்கு முன் ஒரு திரைப்படச் சங்கத்தில் புரொஜெக்டரின் வேகத்தைக் குறைக்கச் சொல்லி நான் எழுந்து கத்தினேன். சங்கச் செயலாளர், "சீக்கிரம் முடிந்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம், சும்மா உட்காரும்" என்றார். அன்றோடு பேச்சு நின்றது.

போன தையில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். பந்தி முடிந்து கை கழுவப் போனவர், சிந்திக்கிடந்த ரசத்தில் கால் வைத்து, இரண்டு கையையும் விரித்து, ஒரு வாளியையும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடி ஒன்றுமில்லை. நிமிர்ந்து நேரே என்னைத்தான் பார்த்தார். முகத்தைச் சும்மா வைத்துக்கொள்ள என்னாலான மட்டும் முயன்றேன், முடியவில்லை.