இறக்கத்தில் அணையும் டர்போ கார்

கேள்வி: கொல்லம் பக்கத்தில் ஒருவரிடம் 2005ஆம் ஆண்டு மாடல், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். அவரே கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், காற்றை வெளியே விடும் ப்ளோ ஆஃப் வால்வு ஆகியவற்றைப் பொருத்தி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் நிரலையும் மாற்றி ரீமேப் செய்திருக்கிறார். ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) சுற்றைக் காட்டும் முள் 500க்கும் 1,000க்கும் இடையே ஏறி இறங்குகிறது. ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது, வளைவுக்கு முன் ஆக்ஸிலரேட்டரை விட்டுக் கிளட்ச்சை மிதித்தால் இன்ஜின் அணைந்துவிடுகிறது. பெட்ரோல் வாடையும் வருகிறது. புனலூர் மெக்கானிக், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடுள்ள த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பிறகு நான்கு நாள் நன்றாக ஓடி, மீண்டும் பழையபடி ஆகிவிட்டது. தென்காசியில் ஒருவர் பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ரீமேப்பில் ஐடிலிங்கை 1,100க்கு ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். எதைச் செய்வது?
— வாசகர், செங்கோட்டை

பதில்: இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று காற்று கூடுவதால் வருவது, மற்றொன்று காற்று குறைவதால் வருவது. இரண்டுக்கும் காரணம் அந்த ப்ளோ ஆஃப் வால்வாகவே இருக்கக்கூடும் என்பது என் எண்ணம்.

உங்கள் காரின் ஏர் ஃபில்டரை அடுத்துள்ள குழாயில் மேஃப் சென்சார் இருக்கிறது. உள்ளே போகும் காற்றை அது அளந்து சொல்ல, அந்தக் கணக்கை வைத்தே ஈசியூ பெட்ரோலை விடுகிறது. புளியரைச் சோதனைச் சாவடியில் எண்ணிக்கை முடிந்த பிறகு ஒரு லாரி வேறு வழியில் திரும்பிப் போய்விட்டால் செங்கோட்டையில் கணக்கு உதைப்பதைப் போல, சென்சாரைத் தாண்டிய காற்று வெளியே போனாலும், சென்சாரைத் தொடாத காற்று உள்ளே வந்தாலும் பெட்ரோலின் அளவு தவறிவிடும். கம்பெனி பொருத்திய வால்வு, மிச்சக் காற்றை டர்போவின் முன்பக்கத்துக்கே திருப்பி அனுப்புவதால் கணக்கு குலைவதில்லை. நீங்கள் வளைவுக்கு முன் காலை எடுக்கும்போது, இப்போதுள்ள வால்வோ எண்ணி முடித்த காற்றை வெளியே கொட்டிவிடுகிறது. ஈசியூ அந்தக் காற்று இருப்பதாகவே நினைத்துப் பெட்ரோலை விட, கலவை கெட்டியாகி, சுற்று விழுந்து, இன்ஜின் அணைகிறது. பெட்ரோல் வாடை இதற்குச் சாட்சி. 'புஸ்' என்ற அந்தச் சத்தத்துக்காகத் தரப்படும் விலை இது.

ஐடிலிங் ஆட்டம் இதற்கு நேர் எதிரானது. சந்தையில் கிடைக்கும் வால்வுகள் பலவற்றில் ஸ்பிரிங் மென்மையாக இருப்பதால், ஐடிலிங்கில், இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடமே வால்வைச் சற்றுத் திறந்துவிடுகிறது. அந்த இடுக்கின் வழியே அளக்கப்படாத காற்று உள்ளே போய்க் கலவையை நீர்க்கச் செய்கிறது. இதைச் சோதிக்க ஸ்கேனர்கூடத் தேவையில்லை. இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, மின்விசிறியிலிருந்து கையை விலக்கி வைத்துக்கொண்டு, வால்வின் வெளிவாயில் ஒரு தாளைக் காட்டுங்கள். தாள் ஒட்டிக்கொண்டு, இன்ஜின் ஓட்டமும் மாறினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

அடுத்து, முந்தைய உரிமையாளர் பழைய வால்வை வைத்திருக்கிறாரா என்று விசாரித்து, அதையே மீண்டும் பொருத்தி, திரும்பும் குழாயையும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் அதே வகையில் புதியது வாங்குங்கள். பம்ப் மாற்றுவதோடு ஒப்பிட்டால் செலவு குறைவே.

இறக்கத்தில் அணைவது நின்று, ஐடிலிங் மட்டும் ஆடினால் வேறு கசிவு இருக்கிறது என்று பொருள். இருபது ஆண்டு கண்ட வண்டியில், மேனிஃபோல்டின் அடியில் எண்ணெய் ஆவியைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள் வெடித்திருப்பது வழக்கம்; மேலிருந்து பார்த்தால் தெரியாது, அடியில் கைவிட்டுத் தடவினால் பிசுபிசுக்கும். பெரிய இன்டர்கூலருக்காக வெட்டி ஒட்டிய சிலிக்கான் ஹோஸ்களின் கிளாம்ப்களும் சந்தேகத்துக்குரியவை. புகை செலுத்திச் சோதிக்கும் கருவியுள்ள ஒர்க்‌ஷாப்பில் அரை மணி நேரத்தில் இடம் தெரிந்துவிடும். ஓடும் இன்ஜின்மேல் கார்புரேட்டர் கிளீனரை அடித்துக் கசிவு தேடும் வழக்கம் நம்மூரில் உண்டு. சூடான டர்போவுக்கு அருகில் அது தீயை வரவழைக்கும் வேலை.

ஸ்கேனரில் கலவை நீர்த்திருப்பதைக் காட்டும் 'பி 0171' என்ற எண் வந்ததா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் திருத்த மதிப்புகளை ஐடிலிங்கில் ஒரு முறையும், 2,500 சுற்றில் ஒரு முறையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் கூடுதலாகவும் சுற்று ஏறும்போது சரியாகவும் இருந்தால் கசிவு. சுற்றும் சுமையும் ஏற ஏறக் கூடிக்கொண்டே போனால் மேஃப் சென்சார் அல்லது பம்ப். அப்போதுதான் தென்காசிக்காரரின் யோசனைக்கு இடம் உண்டு. இப்போது நாம் நிரப்பும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருப்பதால், அந்தக் காலத்து வண்டி எப்படியும் சற்றுக் கூடுதலான திருத்தத்திலேயே ஓடும். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். கூம்பு ஃபில்டர் எண்ணெய் பூசும் வகையானால், அந்த எண்ணெய் சென்சாரின் மெல்லிய தகட்டில் படிந்திருக்கலாம். அதற்கென்றே விற்கும் கிளீனரைத் தெளித்து, நன்றாக உலரவிட்டு மாட்ட வேண்டும். துணியால் துடைத்தால் சென்சார் போய்விடும்.

புனலூர்க்காரர் செய்தது தவறில்லை, முடிக்காமல் விட்டார். அழுக்கடைந்த த்ராட்டில் பாடிக்கு ஈடுகட்ட, தகட்டை எவ்வளவு அதிகம் திறப்பது என்று ஈசியூ கற்று வைத்திருக்கும். சுத்தம் செய்ததும் அதே திறப்பில் காற்று அதிகமாகப் போய், ஐடிலிங் தற்காலிகமாக உயர்ந்து, அணைவதை மறைத்திருக்கும். புதிய நிலையைக் கற்றதும் பழையபடியே ஆகிவிட்டது. சுத்தம் செய்தபின் ஸ்கேனர் வழியாக, தகட்டின் புதிய நிலையை ஈசியூவுக்குக் கற்றுத்தரும் த்ராட்டில் அடாப்டேஷன் செய்ய வேண்டும். ஐடிலிங்கை 1,100க்கு ஏற்றுவதும் இதே மறைப்பு வேலைதான்.

அதுவரை மலைப்பாதையில் இந்த வண்டியை எடுக்காதீர்கள். இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக் மிதியை எளிதாக்கும் பூஸ்டரில் ஓரிரு மிதிக்குத்தான் வெற்றிடம் மிச்சமிருக்கும். எடுத்தே தீரவேண்டிய நிலையில், கிளட்ச்சை மிதித்தபடி உருளவிடாமல் இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். கியரில் இருக்கும்வரை சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். அணைந்துவிட்டால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள்.

கேள்வி: என் நண்பர் சிறிய டர்போ கார் ஒன்றில் இதே மாதிரி வால்வைப் பொருத்தியிருக்கிறார், அது அணைவதே இல்லை. ஏன்?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அவருடைய வண்டியில் மேஃப் சென்சார் இல்லாமல் மேப் சென்சார் மட்டும் இருக்கக்கூடும். அது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தையே பார்ப்பதால், முன்னதாக வெளியே போன காற்று கணக்கிலேயே வருவதில்லை. ஆனால் சட்டம் இரு வண்டிகளுக்கும் ஒன்றே: மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வால்வுக்கான வெற்றிடக் குழாயை மேப் சென்சாருக்குப் போகும் குழாயிலிருந்து பிரித்து எடுத்திருந்தால், அதை மட்டும் உடனே மாற்றச் சொல்லுங்கள். அந்த இணைப்பு கசிந்தால் அவருடைய வண்டியும் ஐடிலிங்கில் ஆடத் தொடங்கும்.