யூடியூப்ல சொன்னாங்கன்னு சுகர் மாத்திரைய நிறுத்தலாமா?

கேள்வி: அக்கா, நாங்க காசிமேடு. எங்கம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர், மெட்பார்மின் போடறாங்க. சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல, அந்த மாத்திரை கிட்னிய காலி பண்ணிடும்னு ஒரு வீடியோ வந்துச்சு, அதப் பாத்துட்டு மாத்திரைய விட்டுட்டு ஆவாரம்பூ கஷாயம் குடிக்கிறாங்க. நெட்ல தேடினா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எத நம்பறது?

பதில்: தம்பி, மொதல்ல அம்மாவ மாத்திரை வாங்குற ஆஸ்பத்திரிக்கே நாளைக்குக் கூட்டிட்டுப் போய் சுகரும் கிரியாட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) பாத்துடுங்க, மாத்திரைய விட்டதையும் கஷாயத்தையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. தேடறதெல்லாம் அப்புறம்.

மெட்பார்மின் கிட்னியக் கெடுக்காது, கட்டுப்பாட்டுல இல்லாத சுகர்தான் கெடுக்கும். ஆனா இந்த மாத்திரை சிறுநீர் வழியா வெளிய போறதால, கிட்னி ஏற்கெனவே பலவீனமா இருந்தா உடம்புல தங்கிடும்னு டாக்டருங்க டோஸ கொறைப்பாங்க, கிட்னி எவ்வளவு நல்லா வடிகட்டுதுன்னு காட்டுற இஜிஎஃப்ஆர் அளவு 30க்கு கீழ போனா நிறுத்தியே விடுவாங்க. அதப் பாக்குறவங்க மாத்திரையாலதான் கிட்னி போச்சுன்னு திருப்பிப் புரிஞ்சிக்கறாங்க.

வீடியோல ஒருத்தர் கஷாயத்துல எனக்கு சரியாயிடுச்சுன்னு சொன்னா, குடிக்காதவங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. சோத்தக் கொறச்சாரா, நடந்தாரா, வேற மாத்திரை போட்டாரா, நமக்கு எப்படித் தெரியும்? இதுக்கு நம்ம சென்னையிலயே பெரிய உதாரணம் இருக்கு. டிபி வந்தா சானடோரியத்துல (டிபிக்காரங்க தங்கி வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரி) ஓய்வு, நல்ல சாப்பாடு, காத்தோட்டம் இருந்தாதான் பொழைக்க முடியும்னு டாக்டருங்களே நம்பின காலம், 1956ல இங்க ஆரம்பிச்ச டிபி ஆராய்ச்சி மையத்துல நோயாளிங்கள சீட்டு குலுக்கிப் போடற மாதிரி ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் சானடோரியம், இன்னொரு பக்கம் அவங்கவங்க நெருக்கடியான வீடு, ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துன்னு ஒரு வருஷம் குடுத்துப் பாத்தாங்க. 1959ல ரிசல்ட் வந்துச்சு, வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தாங்க! உலகம் பூரா டிபிக்கு வீட்டுலயே வைத்தியம் பாக்க ஆரம்பிச்சதுக்கு அது பெரிய காரணம். நம்ம ஊரு ஏழை ஜனங்க மேல ஒழுங்கா ஒப்பிட்டுப் பாத்ததால கெடச்ச பதில் அது, எனக்கு அதுல ரொம்பப் பெருமை.

அப்படி ஒப்பிட்டுப் பாத்த ஆய்வுங்கள ஒண்ணு சேத்து எடைபோடறதுதான் காக்ரேன்ங்கற உலக அளவிலான ஆய்வு அமைப்போட வேலை, நமக்குப் புரியற மாதிரி சுருக்கமும் போடறாங்க. மாத்திரை விவரத்துக்கு மெட்லைன்பிளஸ் வெப்சைட்டப் பாருங்க, அமெரிக்க அரசோட தேசிய மருத்துவ நூலகம் நடத்துறது, விளம்பரம் கெடையாது. பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் இருக்கும், போன்ல தமிழாக்கிப் படிக்கலாம், ஆனா டோஸ் அளவ மட்டும் அந்தத் தமிழ நம்பி முடிவு பண்ணாதீங்க.

கேள்வி: கூகுள்ல மொதல்ல வர்றது சரியா இருக்குமா? - தண்டையார்பேட்டை வாசகி

பதில்: அவசியம் இல்லம்மா. மேல ஸ்பான்சர்ட்னு போட்டிருந்தா அது காசு குடுத்து வர்ற விளம்பரம். எழுதுனது யாரு, எப்போ திருத்துனாங்க, அதே பக்கத்துல மருந்து விக்கிறாங்களான்னு பாருங்க. அப்பவும் சந்தேகம் தீரலன்னா 104க்கு போன் பண்ணிக் கேளுங்க, நம்ம தமிழ்நாடு அரசு ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசுவாங்க.