பால் ஏன் கரைசல் இல்லை?

கேள்வி: பால் எங்கும் ஒரே சீராகத்தானே தெரிகிறது? அதை ஏன் கரைசல் என்று சொல்வதில்லை?

பதில்: மாணவர்கள் இதைக் கேட்டால் முதலில் அறை விளக்கை அணைப்பேன். ஒரு கண்ணாடித் தம்ளரில் உப்புநீர், இன்னொன்றில் தண்ணீரோடு இரண்டு சொட்டுப் பால். பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். உப்புநீரில் ஒளி போன தடமே தெரியாது. பால் கலந்த நீரிலோ பளிச்சென்று ஒரு வெண்கோடு! இதுதான் டிண்டால் விளைவு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

உப்பு தண்ணீரில் அயனிகளாக, அதாவது ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவுக்கு நுண்ணிய மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்துவிடுகிறது. அதனால் அது கரைசல். பாலில் கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரியவை. இப்படிப்பட்டது கூழ்மம். சேற்றுநீர் தொங்கல் வகை, அதிலுள்ள பெரிய மண் துகள்கள் சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடும். சரி, சந்தேகம் தீரவில்லையா? ஒரு சொட்டுப் பாலை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். குட்டிக் குட்டிக் கொழுப்பு உருண்டைகள் தனித்தனியாக மிதப்பது தெரியும்.