துறைமுகத்தை ஒட்டிய கடல் மாசுபட்டால், பொதுமக்கள் இறங்கிச் சுத்தம் செய்வதில் உண்மையிலேயே பயன் உண்டா? நீங்கள் செய்திருக்கிறீர்களா?

பயன் உண்டு. 2017-இல் வடசென்னை எர்ணாவூரில் நானும் வாளி தூக்கியிருக்கிறேன்.

அந்த ஆண்டு ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் ஒன்று, எண்ணெய்ச் சரக்கோடு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம் இன்னொன்று. டான் காஞ்சிபுரம் ஓடுவதற்காக வைத்திருந்த எரிபொருள் கடலில் கொட்டியது. பெரிய பாதிப்பு இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் எர்ணாவூர் பாரதியார் நகர் கரை கறுத்துப்போனது. வாடைக்காற்று காலம் என்பதால் எண்ணெய் தெற்கே நகர்ந்து மெரினா, பெசன்ட் நகர் வரைக்கும் போனது.

ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சில நாட்கள்தான் அது. மெரினாவில் உருவான வாட்ஸ்அப் குழுக்கள் கலையாமல் இருந்தன. அதில் ஒன்றில் செய்தி பார்த்துவிட்டு நாங்கள் ஆறு பேர் கிளம்பினோம்.

வாளியா என்று அப்போது நிறையப் பேர் கேலி செய்தார்கள். வாளிக்கு ஏன் வந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். கப்பல் எரிபொருள் பெட்ரோல் மாதிரி நீர்த்தது இல்லை. அலை அடிக்க அடிக்கக் கடல்நீரையும் உள்ளே இழுத்துக்கொண்டு, காய்ச்சின வெல்லப்பாகு பதத்துக்குக் கெட்டியாகிவிடும், அளவும் பெருகும். சாக்கடை உறிஞ்சும் சூப்பர் சக்கர் லாரிகள் வந்தன. குழாயை இறக்கினால் தண்ணீர்தான் அதிகம் ஏறியது, கெட்டி எண்ணெய் குழாயை அடைத்துக்கொண்டது. போதாததற்கு, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களின் இடுக்குகளில் அது போய்த் தேங்கிவிட்டது. அங்கே கையும் வாளியும்தான் போகும்.

நான் முதல் வாளியை ஆர்வத்தில் முழுசாக முக்கி எடுத்தேன். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த மீனவப் பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, அப்படி முக்குனா தண்ணிதான் வரும். பால்ல ஏடு எடுக்கிற மாதிரி மேலாக வழி. அலை பின்வாங்கும்போது வழி" என்றார். மக்கைச் சாய்த்துப் பிடித்து அவரே செய்து காட்டினார். அதற்கப்புறம்தான் எங்கள் வாளியில் எண்ணெய் என்று சொல்லும்படி ஏதோ வந்தது. கல்லில் நிற்பவர் வழித்துக் கொடுக்க, கரை வரைக்கும் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றி பீப்பாயில் ஊற்றினோம். கடலோரக் காவல்படையினர், கல்லூரிப் பிள்ளைகள், குப்பத்து ஆட்கள் எல்லாரும் ஒரே வரிசைதான். எடுத்த கசடைத் துறைமுக வளாகத்துக்குக் கொண்டுபோய், எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை விட்டுச் சுத்திகரித்தார்கள்.

மதியத்துக்குள் தலை கனத்துவிட்டது. அந்த நாற்றம் தொண்டையிலேயே நிற்கும். எங்களில் பாதிப் பேரிடம் கையுறை இல்லை. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துத்தான் கறுப்பு போனது, முழங்கைக்குக் கீழே வந்த தடிப்பு பத்து நாள் இருந்தது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் பருவம் வேறு. எண்ணெய் பூசிச் செத்துக் கிடந்த ஒன்றை அன்று பார்த்தேன், கண் எது என்றே தெரியவில்லை.

நாங்கள் இரண்டு நாள் போய்விட்டு வேலைக்குத் திரும்பிவிட்டோம். குப்பத்து மக்களுக்கு அப்படித் திரும்ப இடமில்லை. எண்ணெயை அள்ளியதும் அவர்கள்தான், அந்தக் கடல் மீனை வாங்கப் பயந்து சனம் ஒதுங்கியபோது வருமானத்தை இழந்ததும் அவர்கள்தான்.

2023 டிசம்பரில் மறுபடியும் அதே கதை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலிப் பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தை மூடியது. அலையாத்திச் செடிகளின் அடித்தண்டெல்லாம் கறுப்பு, கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய். காட்டுக்குப்பம் போனபோது ஃபைபர் படகுகளிலிருந்து மக்கால் வழித்துக்கொண்டிருந்தார்கள், பலர் வெறுங்கையோடு. 2017-இல் நாங்கள் செய்த அதே வேலை, ஆறு வருஷம் கழித்து, அதே மக். எனக்கு அழுகை வந்துவிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது, அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் அறிவித்தது. ஒரு வலையின் விலையைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு என்று புரியும்.

அதனால் என் பதில்: போங்கள், முதல் சில நாள் மனிதக் கைக்கு மாற்று இல்லை. ஆனால் நேராகத் தண்ணீரில் இறங்காதீர்கள். குப்பத்தில் யாரிடமாவது கேட்டு, காற்று எந்தப் பக்கம், எண்ணெய் எங்கே சேரும் என்று தெரிந்துகொண்டு அவர்கள் சொல்லும் இடத்தில் நில்லுங்கள். முழங்கை வரை மூடும் ரப்பர் கையுறை, கம்பூட்ஸ், முகக்கவசம் வேண்டும். ஆஸ்துமா இருந்தால் கரையில் நின்று சாப்பாடு, தண்ணீர் ஏற்பாட்டைப் பாருங்கள். அப்புறம், கையுறை வாங்கும்போது உங்களுக்கு ஒரு ஜோடி மட்டும் வாங்காதீர்கள். பெட்டியாகவே வாங்கிப் போய் அங்கே கொடுங்கள்.