கொலைக் கதையில் சிரிப்பு யார் மேல் விழ வேண்டும்?

அரூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், நடந்த குற்றங்களை நையாண்டி கலந்து தொலைக்காட்சித் தொடராக எழுத ஆசைப்படுகிறாள். "இழவு வீட்டுக் கதையில் என்ன சிரிப்பு?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நீங்கள் அனுப்பிய அவளுடைய இரண்டு பக்கங்களிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

முதல் பக்கத்தில், மகளைக் காணோம் என்று புகார் கொடுக்க வந்த தகப்பனாரை ஸ்டேஷன் ரைட்டர் வெள்ளைத்தாள் வாங்கி வரச் சொல்கிறார். வாங்கி வந்தால், கார்பன் தாள் எங்கே என்கிறார். அதையும் வாங்கி வருவதற்குள் டூட்டி மாறிவிடுகிறது. புது ரைட்டர் முதலிலிருந்து கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த வரியில் வயிறு எரிந்தது. கறுப்பு நகைச்சுவையின் வேலையே அதுதான். இரண்டாம் பக்கத்தில் இறந்த பெண்ணின் சேலையைக் கேலி செய்திருக்கிறாள். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். கேலி அதிகாரத்தின் மேல் விழட்டும், செத்தவளை விட்டுவிடட்டும்.

வாச்சாத்தி உங்கள் பக்கத்து ஊர்தானே. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று உள்ளே புகுந்து, ஊர் மக்களை அடித்ததாகவும் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகவும் வனம், காவல், வருவாய்த் துறையினர் 269 பேர் மீது வழக்கு நடந்தது. 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். பத்தொன்பது ஆண்டுகள்! அந்தத் தாமதத்தையும், அப்படி எதுவுமே நடக்கவில்லை என்ற அதிகார மறுப்புகளையும் எவ்வளவு வேண்டுமானாலும் நையாண்டி செய்யலாம். அந்தப் பெண்கள் வரும் காட்சியில் மட்டும் கூடவே கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் அடையாளத்தை வெளியிட்டால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை. மற்றபடி, நீதிமன்றப் பதிவுகளில் உள்ளதை யாருடைய அனுமதியுமின்றி எழுதலாம் என்று கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பான வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கமும் திரைக்கதையும் சொல்லித்தரும் நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. இடங்கள் குறைவு, விண்ணப்பிக்கட்டும். ஆனால் என் மனம் தருமபுரி அரசு சட்டக் கல்லூரியின் பக்கம்தான் சாய்கிறது. எழுத்தில் வருமானம் வர நாளாகும். வக்கீல் தொழில் அதுவரை சோறு போடும். அதைவிட முக்கியமாக, குற்றப்பத்திரிகையை வரிக்கு வரி படிக்கத் தெரிந்தவள் எழுதும் தொடரில் பொய்யான காட்சி எளிதில் நுழையாது.

தேர்வு முடிந்ததும் அரூர் நீதிமன்றத்தில் ஒரு சாட்சி விசாரணையை அவள் உட்கார்ந்து பார்க்கட்டும். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள்.