மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுக்கலாமா?

கேள்வி: நான்கு வயது மகனுக்குப் போன மாதம் காதுத் தொற்றுக்காக அமாக்ஸிசிலின் - கிளாவுலனேட் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். மீதி ஃபிரிட்ஜில் இருக்கிறது. இப்போது சளி, லேசான காய்ச்சல். அதையே கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பொடியில் தண்ணீர் கலந்த பிறகு, ஃபிரிட்ஜில் வைத்தாலும் 7 நாள்தான் கணக்கு. சில பாக்டீரியாக்கள் ஒரு நொதியைச் சுரந்து அமாக்ஸிசிலினை உடைத்துவிடும். அந்த நொதியை முடக்குவது கிளாவுலனேட். தண்ணீரில் முதலில் சிதைவதும் அதுதான்.

புது பாட்டில் வாங்கினாலும் சளிக்குப் பயனில்லை. பாக்டீரியாவைச் செல்சுவர் கட்டவிடாமல் தடுத்துத்தான் அமாக்ஸிசிலின் கொல்கிறது. சளி வைரஸுக்குச் செல்சுவரே கிடையாது. அடிபடுவது குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள். வயிற்றுப்போக்கு வருவது பெரும்பாலும் அதனால்தான். மருந்துக்குச் சாகாத வகைகள் அந்த இடத்தில் பெருகும். நாளைக்கு நிஜமான தொற்று வரும்போது இதே மருந்து கேட்காமல் போகலாம். குழந்தை விஷயத்தில் இந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

இப்போதைக்கு நீராகாரம், எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, குடிக்க மறுத்துச் சோர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். காதுவலி திரும்பினாலும், காய்ச்சல் 3 நாளைத் தாண்டினாலும் காட்டிவிடுங்கள்.

இனி இந்த சிரப் எழுதிக் கொடுத்தால், பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்து, கொதித்து ஆறிய நீரைக் கோடுவரை ஊற்றிக் குலுக்குங்கள். மட்டம் இறங்கும், மறுபடி கோடுவரை நிரப்புங்கள். கலந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், மி.லி. குறித்த மூடியில் அளந்து கொடுங்கள்.