பன்னிரண்டு அமர்வுகளுக்கு முன்பணம் கட்டலாமா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருடைய 19 வயது மகன் ஐந்து வாரங்களாக வகுப்புக்கு ஒழுங்காகச் செல்வதில்லை. பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறார், ஒருநாள் சோற்றுத் தட்டையும் வீசியிருக்கிறார். அதற்கு முன்பு ஏறக்குறைய ஒரு வாரம் இரவில் மூன்று மணி நேரமே தூங்கி, ஓயாமல் பேசி, விடியற்காலையில் இணையத்தில் மூன்று ஜோடி காலணிகள் வாங்கினாராம்; பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. வருகைப் பதிவு குறைந்ததற்காகக் கல்லூரியின் எச்சரிக்கைக் கடிதமும் வந்துவிட்டது. 12 அமர்வுகளுக்கு 3,600 வெள்ளி முன்பணம் கட்டினால் கல்லூரிக்குக் காட்ட அறிக்கையும் தருவதாக, உறவினர் சொன்ன ஒரு தனியார் மனநல ஆலோசனை நிலையம் கூறுகிறது. பணம் கட்டலாமா, கல்லூரியிடம் என்ன சொல்வது என்று கேட்கிறார்.

கட்டாதீர்கள், அம்மா. உங்கள் மகனுக்கு என்ன பிரச்சினை என்பதை இதுவரை ஒரு மருத்துவரும் பார்த்துச் சொல்லவில்லை. அதற்குள் அதற்கு எத்தனை அமர்வுகள் தேவை என்று ஒரு நிலையம் எண்ணிச் சொல்லிவிடுகிறது என்றால், அந்த எண்ணிக்கை அவரைப் பார்த்து வந்தது அன்று. சிங்கப்பூரில் மருத்துவராகத் தொழில் செய்ய மருத்துவ மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பெயர்ப் பட்டியலை எவரும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள அத்தகைய கட்டாயம் இருந்ததில்லை. முறையாகப் பயின்று, நேர்மையாக உழைக்கும் உளவியலாளர்களும் ஆலோசகர்களும் இங்கு நிறைய இருக்கிறார்கள். அவர்கள் தொடக்கத்தில் ஒரு சந்திப்புக்கான கட்டணத்தை மட்டும் வாங்குவார்கள், தங்கள் தகுதியைக் கேட்டால் கோபப்படமாட்டார்கள், மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவரை அனுப்பிவிடுவார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பம், தங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி வழவழப்பான தாளில் அச்சிட்ட, வண்ண வரைபடங்கள் நிறைந்த 14 பக்க அறிக்கையை என் மேசையில் வைத்தது. கையொப்பமிட்டவர் என்ன படித்தவர் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. அந்தப் பெண் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று ஒரு வரியும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தட்டு வீசியது அன்று, அந்தத் தூங்காத வாரம்தான். சோர்ந்து கிடப்பதை மட்டும் சொன்னால் மருத்துவர் மனச்சோர்வு என்று எண்ணலாம். தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல், பேச்சும் செலவும் கட்டுமீறிப் போன நாட்களும் இருந்தன என்றால், பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோதான் தலைகாட்டும். இது முக்கியம், ஏனெனில் அந்த நிலை உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது அவரை மறுபடியும் அந்தத் தூங்காத நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். உங்கள் மகனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, கடிதத்தை வைத்து அப்படிச் சொல்பவரை நீங்கள் நம்பவும் கூடாது.

பாலிகிளினிக் எனப்படும் பலதுறை மருந்தகத்துக்கு முதலில் செல்லுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று அரசாங்க மருத்துவமனைக்கோ, மனநலத்துக்கென்றே உள்ள மருத்துவமனையான மனநலக் கழகத்துக்கோ சென்றால் சலுகைக் கட்டணம் கிடைக்கும். நேரே நிபுணரிடம் பதிவு செய்தால் கிடைக்காது. மருத்துவமனை என்றாலே அவர் மறுத்தால், 16 முதல் 30 வயது வரையுள்ளவர்களுக்காக மனநலக் கழகம் நடத்தும் ‘சாட்’ சேவை இலவசமாக மதிப்பீடு செய்கிறது. பிறகு பைபோலாரோ கடும் மனச்சோர்வோ உறுதியானால், மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பாகிய உங்கள் மெடிசேவ் கணக்கிலிருந்தும் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு ஒரு பகுதி கட்டலாம். நிபுணரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. முன்பணம் கேட்கும் நிலையங்கள் பிழைப்பதே அந்தக் காத்திருப்பு வாரங்களில்தான்.

அடுத்து, கல்லூரி. எல்லாப் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் ஆலோசகர்களும், சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான ஆதரவு அலுவலகமும் உண்டு. நீங்கள் அழைத்தால், மாணவர் தாமே வந்து ஒப்புதல் தர வேண்டும் என்பார்கள், மருத்துவர் கடிதம் எங்கே என்பார்கள். மருத்துவமனையோ கல்லூரியின் குறிப்பு எங்கே என்று கேட்கும். படுக்கையிலிருந்து எழ முடியாத பிள்ளையிடம் இணையப் படிவத்தை நிரப்பச் சொல்லும் ஏற்பாட்டை யார் வகுத்தார்களோ, அவர்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்ததில்லை போலும்.

இதில் ஒன்றைப் பெற்றோர் பலரும் தவறாகப் புரிந்துகொண்டு திரும்பிவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மகன் சொன்னதை அவருடைய ஒப்புதலின்றி உங்களிடம் சொல்ல மருத்துவரும் ஆலோசகரும் தயங்குவார்கள்; ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. வாயைக் கட்டும் விதி காதைக் கட்டுவதில்லை. “எனக்குப் பதில் வேண்டாம், நான் பார்த்ததை மட்டும் எழுதித் தருகிறேன், கோப்பில் சேருங்கள்” என்று சொல்லுங்கள். வரவேற்பு மேசைப் பணியாளர் மறுத்தால், மேலாளரின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு அனுப்புங்கள். அனுப்பியதை மகனிடமும் மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் உங்கள் மீதும் மருத்துவர் மீதும் அவருக்கிருக்கும் நம்பிக்கை சேர்ந்தே போய்விடும். உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் அந்த இரகசியக் காப்பும் தளர்ந்துவிடும். அப்போது அவர்களே உங்களை அழைக்கக்கூடும்.

கல்லூரியிலிருந்து விலகும் கடிதத்தில் மட்டும் யார் சொன்னாலும் கையொப்பமிட விடாதீர்கள். விலகுவது வேறு, மருத்துவக் காரணத்துக்காகப் படிப்பை ஒரு பருவம் தள்ளிவைப்பது வேறு. “இங்கே சரிப்படாது, ஆறு மாதத்தில் டிப்ளோமா தரும் தனியார் பள்ளி இருக்கிறது” என்று வரும் முகவருக்குத் தரகுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். தள்ளிவைப்பதற்கான விண்ணப்பத்தைத் தேர்வுக்கு முன்பே கொடுப்பதுதான் நல்லது.

மருத்துவரைப் பார்த்தால் பையனின் பெயர் கெட்டுவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் மனநலக் குறை உண்டா என்று தேவையின்றிக் கேட்கக் கூடாது என்ற வழிகாட்டி 2020 முதல் இருக்கிறது. மெடிஷீல்டு லைஃப் என்னும் அடிப்படை மருத்துவக் காப்புறுதி ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பாதுகாப்பளிக்கிறது. தனியார் காப்புறுதி நிறுவனங்கள் கேட்கத்தான் செய்யும். தற்கொலை முயற்சியும் 2020 ஜனவரி முதல் குற்றமன்று, ஆகவே போலிசுக்குப் பயந்து உதவி கேட்காமல் இருக்காதீர்கள். இரவில் நிலைமை முற்றினால் மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும், பரிந்துரைக் கடிதம் வேண்டாம்; 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பையும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 995.

மருந்து தொடங்கினால் முதல் சில வாரங்கள் அருகிலேயே இருங்கள். 25 வயதுக்குட்பட்ட சிலருக்கு மனச்சோர்வு மருந்தின் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மருந்தகத்துக்குப் போகும் முன் ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த நாளில் எத்தனை மணி நேரம் தூங்கினார், என்ன சாப்பிட்டார், எப்போது வகுப்புக்குப் போனார். “பிடிவாதம்”, “சோம்பல்” போன்ற சொற்கள் அதில் வேண்டாம். அந்த மூன்று ஜோடி காலணிகளின் ரசீதுகளையும் அச்செடுத்துப் பின்னால் இணையுங்கள். அவற்றில் நாளும் நேரமும் இருக்கும்.